நெல்டாவின் நாலங்குலத் தடுப்பு

நெல்டா கிராப்ட்ரீ இருபத்தாறு வருடமாக ஊராருக்குக் குளியலறை போட்டுக்கொண்டிருந்தாள். எந்த ஊரார், எந்த ஊர் என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. ஷேடி ஃபோர்க்குக்கு வெளியே, பைன் மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு நீளத் தகரக் கொட்டகை. ஒரு முனையில் வெறும் இரும்புச் சட்டமும் சக்கரமுமாக நுழைவது, மறுமுனையில் ஜன்னல், திரைச்சீலை, சமையலறை அலமாரி எல்லாம் மாட்டிக்கொண்டு முழு வீடாக வெளியே வரும். லாரி வந்து இழுத்துக்கொண்டு போய்விடும். நடுவில் ஒன்பதாவது நிறுத்தம் நெல்டாவுடையது. குளியல் தொட்டி, ஷவர், கழிப்பறை மூன்றும் அவள் கை வேலை. கொட்டகையில் அவளுக்குப் பட்டப்பெயரே 'தொட்டிக்காரி'. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சங்கு ஊதும். ஊதினால் வீடு நகரும். நீ ஆணி அடித்து முடித்தாயா, உனக்கு வயிற்றுவலியா, உன் பெண்ணுக்குக் கல்யாணமா என்பதெல்லாம் சங்குக்குத் தெரியாது. முடியாத வேலையை வீட்டோடு கூடவே நடந்து போய் முடிக்க வேண்டும். நெல்டா அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. சங்குக்கு நாலு நிமிடம் முன்னாலேயே கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

இந்தச் சங்குதான் அவளைக் கெடுத்து வைத்திருந்தது. உலகத்தில் யாராவது ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் அந்தத் தேதி வரும், வந்ததும் எல்லாம் நகரும் என்று அவள் மனசார நம்பினாள். அரசாங்கம் சொல்லும் தேதியையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டாள். பாவம், அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்வது?

அவள் புருஷன் ஆர்லிஸும் அதே கொட்டகையில் கூரைக்காரன். தலைக்கு மேல் நின்று வேலை செய்கிறவன், ஒருநாள் சுத்தியலைக் கைதவறி அவளுடைய புதுத் தொட்டிக்குள் போட்டான். தொட்டி விரிசல் விட்டது. அவள் திட்டிய திட்டில் மேலே இருந்த ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். அடுத்த வருடம் கல்யாணம். முப்பத்தோரு வயதில் வந்த கல்யாணம், பிள்ளைகள் இல்லை, இருவருக்கும் அதில் குறையும் இல்லை. இருபத்தைந்து வருடம் ஒரே வண்டியில் வேலைக்குப் போய் ஒரே வண்டியில் வந்தார்கள்.

ஆர்லிஸ் கூச்சக்காரன். கூச்சம் என்றால் அப்படி இப்படி இல்லை. இருபத்தைந்து வருடத்தில் அவன் குளித்து நெல்டா பார்த்ததில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவான். வெளியே வரும்போது சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கும், காலில் காலுறைகூட இருக்கும். அவர்கள் சர்ச்சில் வருடம் ஒருமுறை ஒருவர் காலை ஒருவர் கழுவிவிடுகிற ஞாயிறு உண்டு. அன்றைக்குக்கூட முட்டிக்கு மேலே துணி ஏறாமல் பிடித்துக்கொள்வான்.

போன அக்டோபரில் சர்க்கரை அவன் இடது காலை முட்டிக்குக் கீழே வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர முடியவில்லை, பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்பினார்கள். அவர்கள் இருந்தது ஐம்பது வருடத்துப் பழைய டிரெய்லர் வீடு; குளியலறைக் கதவு இருபத்திரண்டு அங்குலம், சக்கர நாற்காலி இருபத்தாறு. தொட்டிக்குப் பக்கத்தில் தரையும் உளுத்துப் போயிருந்தது. ஊருக்கெல்லாம் தொட்டி போட்டவள் வீட்டில் தொட்டியடி உளுத்திருந்தது, ஊர் உலகத்தில் நடப்பதுதானே. அவன் தானாகக் குளிக்கிற மாதிரி ஒரு இடத்தைக் காட்டினால்தான் அனுப்புவோம் என்று பராமரிப்பு இல்லத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அங்கே செவ்வாயும் வெள்ளியும் குளியல். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஓடு பதித்த அறையில் குழாயை நீட்டிப் பீய்ச்சுவார்கள். வாசலில் அடுத்த மூன்று பேர் துண்டோடு காத்திருப்பார்கள். ஆர்லிஸ் அதைப் பற்றிப் பேசவே மாட்டான். ஒரே ஒரு தடவைதான், ஜன்னலைப் பார்த்தபடி, "கார் கழுவுற மாதிரி கழுவுறாங்க" என்றான். அந்த ஒரு வார்த்தை நெல்டாவை வாரம் முழுக்கத் தூங்கவிடவில்லை.

புது வீடு ஒன்று வாங்குவது என்று தீர்மானித்தாள். தன் கொட்டகையிலேயே, தன் கையாலேயே ஷவர் போட்டு. ஆனால் அங்கேதான் அந்த நாலங்குலத் தடுப்பு வந்து நின்றது.

கொட்டகையில் கட்டுகிற எல்லா வீட்டுக்கும் வாஷிங்டனிலிருந்து வந்த ஒரு புத்தகம் இருக்கிறது. ஜன்னல் எவ்வளவு அகலம், கம்பி எவ்வளவு தடிமன், புகை வந்தால் கத்துகிற பெட்டி எங்கே என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதன்படி கட்டியிருந்தால் வீட்டின் பின்பக்கம் ஒரு சிவப்புத் தகடு அறைவார்கள். தகடு இல்லாவிட்டால் வீடு கொட்டகையை விட்டு வெளியே போகாது. தண்ணீர் வெளியே வழியாமல் இருக்க ஷவருக்கு முன்னால் உயர்ந்த தடுப்பு வேண்டும் என்று அந்தப் புத்தகம் சொன்னது. நியாயம்தான். ஆனால் சக்கர நாற்காலி அதன்மேல் ஏறாது. தடுப்பு இல்லாமல் கட்ட வேண்டுமானால் படம் வரைந்து, என்ஜினியர் பார்த்து, வாஷிங்டனுக்கு எழுதித் தனி அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். நாலு மாதம் ஆகும்.

ஜனவரியில் தரம் பார்க்கிற லமார் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினான். நாற்பது வயதுக்காரன், எதையும் இரண்டு தடவை அளக்கிறவன். புதுப் புத்தகம் வருகிறது என்றான். மார்ச் முதல் திங்கள் அமல். அதில் சக்கர நாற்காலி போகிற தட்டையான ஷவரைத் தனி அனுமதி இல்லாமலே போடலாம். நெல்டா கையைத் தூக்கி, அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவன் படித்தான். அவள் விரல்விட்டு எண்ணினாள்: கடிதத்துக்கு நாலு மாதம், புத்தகத்துக்கு இரண்டு மாதம். இரண்டுதான் சின்னது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த ஞாயிறே கொட்டகை டேப்பை எடுத்துக்கொண்டு பராமரிப்பு இல்லத்துக்குப் போனாள். புருஷனை அளந்தாள். நாற்காலி அகலம், முட்டி உயரம், தோள் அகலம். குழாயையும் ஷவரையும் எங்கே வைப்பது என்று கேட்டபோது அவன் மூக்கைச் சுருக்கினான்.

"குழந்தைக்கு வைக்கிற மாதிரி கீழ வைக்காத. தலைக்கு மேலருந்து கொட்டணும். நான் எட்டிக்குவேன்."

எட்டியும் காட்டினான். வலது கையை விறைப்பாக நீட்டி ஜன்னல் திரைக்கம்பியைத் தொட்டான். அவள் அளந்து சீட்டில் 'அறுபத்திரண்டு' என்று எழுதினாள். அவன் அத்தோடு விடவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளிலும் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கினான். இருபது தடவை. மருந்து கொண்டுவந்த நர்ஸ் கைதட்டினாள். கூரைக்காரன் புஜம், சும்மாவா?

"வேற என்ன வேணும் சொல்லு" என்றாள் நெல்டா.

"உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். காசு வச்சுத் திருகினா வெளியருந்து தொறக்குமே, அந்தப் பொத்தான் பூட்டு இல்ல. நெசத் தாழ்ப்பாள்."

திரும்புகிற வழியிலேயே கடையில் நிறுத்திப் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினாள். அளவு எழுதிய சீட்டை அதில் சுற்றிக் கைப்பையில் போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் அப்புறம் பத்து மாதம் அவளோடு வேலைக்கும் சர்ச்சுக்கும் போய்வந்தது.

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். செப்டம்பருக்கு. நெல்டா சாப்பாட்டு வேளையில் அந்தத் தாளின் முன்னால் நின்று படித்தாள், பிறகு முதலிலிருந்து படித்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. லமார் அறைக்குப் போனாள். அவன் மேசையில் பழைய புத்தகம், புதுப் புத்தகம், இரண்டுக்கும் நடுவில் ரப்பர் வளையம் போட்ட ஒரு தாள்கட்டு. தேதி தள்ளிப்போவது புத்தகம் முழுவதற்குமா, பாதிக்கா என்று கேட்டாள். அவன் ரப்பர் வளையத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டே, தனக்கு வந்திருக்கிற கடிதத்தில் ஒரு மாதிரியும் கம்பெனி வக்கீல் சொல்வதில் வேறு மாதிரியும் இருக்கிறது என்றான். சொல்லிக் கொடுக்க வேண்டியவனுக்கே குழப்பம்.

அப்போதே தனி அனுமதிக்கு எழுதியிருந்தால் ஜூலையில் கடிதம் வந்திருக்கும். எழுதவும் உட்கார்ந்தாள். அந்த வாரம் பார்த்து, தள்ளி வைத்தது தப்பு என்று நிறையப் பேர் மனுப் போட்டிருக்கிறார்கள், அறுபது நாளில் பழைய தேதியே திரும்பி வரலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நெல்டா மறுபடி விரல்விட்டாள். அறுபது நாள் சின்னதா, நாலு மாதம் சின்னதா? எழுதியதைக் கிழித்துப் போட்டாள்.

அறுபது நாளும் போயிற்று, ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டு வேளையில் காருக்குள் உட்கார்ந்து போன் போட ஆரம்பித்தாள். மாநிலத் தலைநகரில் ஓர் அலுவலகத்தில், அது வாஷிங்டன் விஷயம் என்றார்கள். வாஷிங்டனில் ஒருவர் பொறுமையாகப் பேசினார். புதுப் புத்தகம் அச்சாகிவிட்டது அம்மா, அது சட்டம்தான் என்றார். அப்படியானால் அதன்படி கட்டலாமா என்று இவள் கேட்டாள். அமலுக்கு வராத சட்டத்தின்படி கட்ட முடியாது என்றார். எப்போது அமலுக்கு வரும்? செப்டம்பரில். நிச்சயமா? அந்தத் தேதி இன்றைய நிலவரப்படி என்றார். மூன்றாவதாக ஒரு பெண் எடுத்தாள். நீங்கள் தவறான பிரிவுக்கு வந்துவிட்டீர்கள், ஆனால் நானாக இருந்தால் பொறுத்திருப்பேன் என்றாள். நெல்டாவுக்கு அவள் ஒருத்தி சொன்னதுதான் புரிந்தது. அதனால் அதையே பிடித்துக்கொண்டாள்.

இதற்குள் ஜூன் வந்துவிட்டது. செப்டம்பருக்கு மூன்று மாதம், கடிதத்துக்கு நாலு மாதம். மறுபடியும் புத்தகம்தான் ஜெயித்தது. ஒவ்வொரு தடவை எண்ணும்போதும் கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று நாம் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பெண்பிள்ளைக்கும் அரசன் இப்படித்தான் அறுபது நாள் அறுபது நாளாகத் தவணை சொல்லியிருப்பான், யார் கண்டது?

ஞாயிறுதோறும் ஆர்லிஸைப் பார்க்கப் போவாள். வறுத்த போலோனா இறைச்சி சாண்ட்விச்சும் சர்க்கரை போடாத தேநீரும் கொண்டுபோவாள். அவன் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே முதலில் கேட்பது ஒன்றுதான்: "இப்ப என்ன தேதி சொல்றான்?" அவள் சொல்வாள். அவன் சிரிப்பான். ஈஸ்டர் சமயத்தில் நாற்காலியில் பதினாலு தடவை தூக்கினான். கால் கழுவுகிற ஞாயிறு மே மாதம் வந்தது. சர்ச்சுக்கு அழைத்துப் போகிறேன் என்றாள், இந்த வருடம் எனக்குப் பாதி வேலைதானே, நான் வராவிட்டால் அவர்களுக்குத் தண்ணீர் மிச்சம் என்று சொல்லி வர மறுத்துவிட்டான். ஜூலையில் ஒன்பது தடவை தூக்கி, வெயில் அதிகம் என்றான். ஆகஸ்டில் அவன் தூக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வலது தோள் குத்துகிறது என்று ஒருநாள் சொன்னான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் யாருக்குத்தான் குத்தாது? அவள் கவனிக்காமல் இல்லை. மண்டைக்குள் அத்தனை தேதி ஓடிக்கொண்டிருந்தது, இதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செப்டம்பரில் அடுத்த தாள். இந்தத் தடவை தேதியே இல்லை. மறு தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று மட்டும் இருந்தது. நெல்டா நின்ற இடத்திலேயே நின்றாள். சங்கு ஊதியது. ஒன்பதாவது நிறுத்தத்தில் வீடு நகர்ந்தது, தொட்டி பாதியில் நின்றது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒருத்தன் ஓடிவந்து அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

சாயங்காலம் லமார் அவளைத் தேடி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"மிஸ் நெல்டா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பழைய புத்தகப்படியே கட்டிருவோம், தடுப்போட. வீடு உங்க எடத்துல வந்து ஒக்காந்து, பரிசோதகர் கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் அது உங்க வீடு. தடுப்ப வெட்டுங்க, வீட்டையே ரெண்டா வெட்டுங்க, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"இங்கயே தடுப்பு இல்லாமக் கட்டினா?"

"அது குத்தம்."

"கட்டி, கொண்டுபோயி, ஒடைச்சா?"

"அது உங்க இஷ்டம்."

நெல்டா அவன் முகத்தையே பார்த்தாள். கேலி செய்கிறானா என்று தேடினாள். இல்லை.

"இத ஜனவரியிலயே சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?"

"ஜனவரியில, மார்ச் வந்துரும்னு நெனச்சேன்" என்றான் லமார். அவனுக்கும் அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது.

பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று. அக்டோபரில் அவள் வீடு வரிசையில் ஏறியது. குளியலறைச் சுவர்ப்பலகையை நிறுத்துவதற்கு முன்னால் அதன் முதுகில் ஆளுக்கு ஒரு வரி எழுதுவது அந்தக் கொட்டகையில் வழக்கம், வீட்டுக்காரன் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அன்றைக்கு மற்ற நிறுத்தத்துக்காரர்களும் பென்சிலோடு வந்து ஆர்லிஸுக்கு எழுதினார்கள். கூரைக்காரர்கள், 'ஒழுகினால் நீ ஏறி அடை' என்று எழுதினார்கள். பிறகு நெல்டா முட்டி போட்டு உட்கார்ந்து தடுப்பைக் கட்டினாள். உடைக்கப்போகிற சாமான்தானே, சும்மா ஒட்டவைத்தால் போதாதா என்று ஒருத்தன் கேட்டான். பசையும் திருகாணியும் சரியான இடைவெளியில், விரல் நுழையாத விளிம்போடு, அவள் கையில் அப்படி ஒரு தடுப்பு அதற்கு முன் வந்ததில்லை. அரைகுறை வேலை அவளுக்கு வராது, அவ்வளவுதான். லமார் தண்ணீர் நிரப்பிப் பார்த்தான். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. சிவப்புத் தகடு அறையப்பட்டது.

பழைய டிரெய்லரை இழுத்துப் போட்டுவிட்டு அதே இடத்தில் புது வீட்டைக் கல்லடுக்கில் உட்கார வைத்தார்கள். வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதையும் போட்டாயிற்று. பத்து நாளில் வருவதாகச் சொன்ன பரிசோதகர் பத்தொன்பது நாள் கழித்து வந்தார். அந்தப் பத்தொன்பது நாளும் வேலை முடிந்ததும் நெல்டா தன் புதுக் குளியலறைக்குள் போய் அந்தத் தடுப்பின்மேல் உட்கார்ந்திருப்பாள். ரம்பம் பக்கத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் தொட்டால் வாங்கியதே செல்லாமல் போகலாம் என்று லமார் சொல்லியிருந்தான். போகலாமா, போகுமா என்று இவள் கேட்டதற்கு அவனுக்கும் தெரியவில்லை. கையில் ரம்பம், எதிரில் நாலங்குலம், இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒருத்தருடைய பேனா. இது தன் வீடா இல்லையா என்பதே அவளுக்குப் புரியவில்லை. தானே கட்டிய வீட்டில் திருடி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பரிசோதகர் ஒரு பெண், சேற்று பூட்ஸோடு வந்தாள். கல்லடுக்கைத் தட்டினாள், தரையில் கட்டிய இரும்புப் பட்டையை இழுத்துப் பார்த்தாள், உள்ளே வந்தாள். குளியலறையில் தடுப்பைக் குனிந்து தடவிப் பார்த்து, நல்ல வேலை என்றாள். வாசல் சரிவுப் பாதை நினைவு வந்தது போல நிமிர்ந்தாள்.

"நாற்காலி யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"அவரு இத எப்படித் தாண்டுவாரு?"

"இப்போதைக்குத் தாண்ட மாட்டாரு" என்றாள் நெல்டா.

அந்தப் பெண் சுவரோரம் கிடந்த ரம்பத்தைப் பார்த்தாள். தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, "பேனாவ மூடியாச்சு. இனிமே இது உங்க வீடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை முழுக்க உடைத்தாள். பிடிவாதம் பிடித்த தடுப்பு, அசையவில்லை. எந்த மூதேவி இத்தனை பசை வைத்தது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அறுத்தாள். மத்தியானம் லமார் தன் ரம்பத்தோடு வந்து சேர்ந்தான். தண்ணீர் நிரப்பித் தேர்ச்சி கொடுத்தவனே இன்னொரு பக்கம் உட்கார்ந்து அறுத்தான். இருட்டுவதற்குள் நாற்காலி ஏறுகிற தட்டையான தளத்தைப் பதித்தார்கள். ஞாயிறன்று அவள் கைப்பையிலிருந்து சீட்டைப் பிரித்து, அதன்படியே மற்றதைப் பொருத்தினாள். தாழ்ப்பாள் நாற்காலியிலிருந்து கை எட்டுகிற உயரத்தில். குழாயும் ஷவரும் அறுபத்திரண்டில்.

வியாழக்கிழமை பராமரிப்பு இல்லத்து வண்டி ஆர்லிஸைக் கொண்டுவந்து இறக்கியது. நவம்பர் பாதி ஆகியிருந்தது. அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். தலையைத் தூக்கி, "கூரை யாரு போட்டது?" என்று கேட்டான். உன் ஆட்கள்தான் என்றாள். "அப்ப ஒழுகும்" என்றான். சந்தோஷமாக இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோளரொட்டியும் கீரையும் சுடவைத்திருந்தாள், அதெல்லாம் அப்புறம் என்றுவிட்டான். நேரே குளியலறைக்கு உருட்டிக்கொண்டு போனான். தடுப்பு இருந்த இடத்தில் ஒருமுறை உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனான். சக்கரம் எங்கேயும் தட்டவில்லை. தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தான். பித்தளை பளபளவென்று இருந்தது.

"நீ வெளிய போ" என்றான்.

நெல்டா வெளியே வந்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பத்து மாதமாகக் கேட்கக் காத்திருந்த சத்தம். நடையில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். உள்ளே துணி கழற்றுகிற சரசரப்பு, அவன் முனகல், பெல்ட் தரையில் விழுந்தது. சக்கரம் உருண்டது. இனித் தண்ணீர் கொட்டும்.

கொட்டவில்லை. நாற்காலி கிரீச்சிட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கிரீச்சிட்டது. ஏதோ ஒன்று கீழே விழுந்து உருண்டது, சோப்பாக இருக்கும். அவன் மூச்சு வாங்குவது கதவைத் தாண்டிக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அப்போதுதான் நெல்டாவுக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. இருபது, பதினாலு, ஒன்பது, அப்புறம் ஒன்றுமில்லை. குத்துகிற தோள். அவள் இந்த வீட்டை ஜனவரி மாதத்து ஆர்லிஸுக்குக் கட்டியிருந்தாள். அந்த ஆர்லிஸ் இப்போது இல்லை. எழுந்து கதவைத் தட்டலாமா என்று நினைத்தாள். தட்டவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது.

கதவு ஒரு கையளவு திறந்தது. ஆர்லிஸ் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெற்று மார்பு, வெள்ளை வெளேரென்று, எலும்பு தெரிந்தது. அவள் அதை அதற்கு முன்னால் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. அவன் அவளைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப மேல வச்சுட்ட."

"நீதானே சொன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

நெல்டா எழுந்து நின்றாள். திருகாணிப் பெட்டி எங்கே வைத்தோம் என்று கண் தேடியது. "கெடக்கட்டும், நாளைக்குக் காலையில எறக்கி வச்சுர்றேன். அரைமணி வேலை" என்றாள்.

"இனிமே எங்கிட்ட நாளைக்குன்னு சொல்லாத" என்றான் ஆர்லிஸ். "நீ உள்ள வா."

அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். கையை உயர்த்திக் குழாயில் வைத்தாள்.

"தாழ்ப்பாளப் போட்டியா?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. நெல்டா திரும்பிப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து, தண்ணீரைத் திறந்தாள்.